தும்பு ஒட்டாமல் உடுப்புத் தோய்ப்பது எப்படி: பொக்கற்றிலிருந்து கொடி வரை

கொடியிலிருந்து கறுப்புக் காற்சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகத் தும்பு. காலை ஏழு மணி, எட்டரைக்கு வேலை, கையில் சலோடேப். வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து பேர் ஒரே மெஷினில் தோய்க்கும் மாடிவீட்டில், படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்குப் புதிதாக வந்து சேரும் ஒவ்வொருத்தியும் முதல் மாதத்தில் இந்தக் கோலத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்கிறார்கள். தும்பு எங்கே ஒட்டும் என்பது மெஷினை ஓடவிட முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஒட்டியிருப்பது தும்புதானா?

உடுப்பில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தும்பு இல்லை. மூன்று சாமான்கள் ஒரே மாதிரித் தெரியும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். சும்மா கழன்று வந்தால் அது தும்பு, வேறு துணியிலிருந்து வந்து ஒட்டியது. இழுக்க இழுக்கத் துணியும் சேர்ந்து எழும்பினால் அது அந்த உடுப்பின் சொந்த நூல், தேய்ந்து உருண்டை கட்டியிருக்கிறது. அதைச் சலோடேப்பால் எத்தனை தரம் ஒற்றினாலும் போகாது, உருண்டை வெட்டும் சின்ன மெஷின்தான் வேண்டும். மூன்றாவது, விரலை நனைத்துத் தடவும்போது கரைந்து காணாமல் போகும் வெள்ளைக் கோடு. அது கரையாமல் தங்கிய சவர்க்காரத் தூள். உடுப்பை வெறும் தண்ணீரில் இன்னொருமுறை அலசினால் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு தங்கச்சி இரண்டு வாரமாகத் தும்பு உருளையும் கையுமாகத் திரிந்தாள். கடைசியில் பார்த்தால் முழுக்கச் சவர்க்காரத் தூள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அதிகம் இல்லை. ஒரு பழைய பருத்தித் துணி, பழைய பல் தூரிகை, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு சோடி, அகலமான சலோடேப், சிப் வைத்த வலைப்பை ஒன்றிரண்டு. எல்லாம் புறக்கோட்டையில் ஒரே தெருவில் கிடைக்கும். தும்பு உருளை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பரவாயில்லை. அதன் தாள் முடிந்ததும் எல்லோரும் சலோடேப்புக்குத்தான் வருகிறார்கள்.

அழுக்குக் கூடை இரண்டு வேண்டும். இரண்டாவது கூடைதான் இந்தப் பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

3. உடுப்பைப் போட முன் மெஷினைத் துடையுங்கள்

பகிர்ந்து பாவிக்கும் மெஷின் என்றால் உங்களுக்கு முன் தோய்த்தவரின் துவாய்த் தும்பு டிரம்மின் சுவரில் ஒட்டிக் காய்ந்திருக்கும். நீங்கள் தண்ணீரை விட்டதும் அது கழன்று உங்கள் உடுப்புக்கு வரும். நனைத்துப் பிழிந்த துணியால் உட்சுவரை ஒரு சுற்றுத் துடைத்தால் முடிந்தது, ஒரு நிமிட வேலை.

அடுத்தது வலை. மேலால் போடும் மெஷினில் டிரம்மின் உட்பக்கச் சுவரில் சின்ன வலைப்பையோ பிளாஸ்டிக் பெட்டியோ இருக்கும். மெஷின் வாங்கி மூன்று வருடமாகியும் அது கழறும் என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது நோண்டினால் சேறு மாதிரி விரலெல்லாம் அப்பும். காயவிட்டு எடுங்கள், சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரிந்து வரும். உரித்து முடிந்ததும் வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் அந்த வலை இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிப் புதிது வாங்குங்கள். மெஷினின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் அளவு பொருந்தாது, நான் இரண்டு தரம் திரும்பி அலைந்திருக்கிறேன்.

முன்னால் கதவு வைத்த மெஷினில் கீழே ஒரு மூலையில் சின்ன மூடி இருக்கும். அதற்குள் இருப்பது பம்பைக் காப்பாற்றும் வடி. தும்போடு கொண்டை ஊசி, ஐந்து ரூபாய்க் குற்றி எல்லாம் அதில் வந்து நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும், ஆனால் தட்டையான தட்டு ஒன்றையும் பழைய துவாய் ஒன்றையும் கீழே வைக்காமல் திறக்க வேண்டாம். உள்ளே நிற்கும் தண்ணீர் முழுதும் தரைக்கு வரும். சூடான தண்ணீரில் தோய்த்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பையும் விரித்துத் துடையுங்கள், இந்த வகை மெஷினில் தும்பு ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

4. பொக்கற்

ஒரு டிஷூத் துண்டு போதும், ஒரு மெஷின் உடுப்பும் நாசம். பஸ் ரிக்கற், கடைப் பில், மடித்து வைத்த திருநீற்றுத் தாள், எல்லாம் அதே வேலையைத்தான் பார்க்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் போதாது. பொக்கற்றை வெளியே இழுத்துத் தொங்கவிடுங்கள், ஏனென்றால் அடித் தையலில் சேர்ந்திருக்கும் பஞ்சு கைக்குத் தட்டுப்படாது.

"அக்கா, மெஷின் பழுதாப் போச்சுது போல, எல்லாத்திலயும் பஞ்சு."

"பொக்கற்ற வெளிய இழுத்துப் பாத்தனியே?"

இந்தச் சம்பாஷணை எங்கள் வீட்டில் வருடத்துக்கு மூன்று தரமாவது நடக்கும்.

5. கொட்டுவது ஒரு கூடை, பிடிப்பது மற்றக் கூடை

உடுப்பை நிறம் பார்த்துப் பிரிக்கத்தான் நாங்கள் பழகியிருக்கிறோம், வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். சாயம் இறங்காமல் இருக்க அது சரி. தும்புக்கு அந்தக் கணக்கு உதவாது. சாம்பல் நிறத் துவாயையும் கறுப்புக் காற்சட்டையையும் "இரண்டும் கடும் நிறம்தானே" என்று ஒன்றாகப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தும்பு கொட்டும் சாமான்கள்: துவாய், குளியலறைக் கால்மிதி, புதுப் பருத்திப் பெட்ஷீட், குழந்தையின் பிளனல் துணி, குளிர்ப் போர்வை. தும்பைப் பிடிக்கும் சாமான்கள்: பொலியெஸ்டர் கலந்த ஒபிஸ் காற்சட்டை, லெகிங்ஸ், விளையாட்டு ஜேர்சி, கோடு கோடாகப் புடைத்த கோட்ராய், கறுப்புக் காலுறை. முதல் கூட்டத்தின் நூல் குட்டையாக, தளர்வாக முறுக்கியிருக்கும், தேய்த்ததும் முனை உடைந்து விழும். இரண்டாவது கூட்டம் தும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஏசி அறையில் காற்று உலர்ந்து கிடக்கும்போது இன்னும் மோசம். இந்த இரண்டும் ஒரே தண்ணீரில் சந்திக்கவே கூடாது.

இதற்குத்தான் இரண்டு கூடை. தோய்க்கும் நேரத்தில் பிரிப்போம் என்று நினைத்தால் ஞாயிறு காலை அவசரத்தில் யாரும் பிரிக்க மாட்டார்கள். கழற்றிப் போடும்போதே பிரிந்து விழுந்தால் வேலை தானாக முடியும். சாதாரணப் பருத்திச் சேட், சாரம், பள்ளிக்கூட வெள்ளை எல்லாம் நடுவில் நிற்பவை, அவற்றை உங்கள் வசதிப்படி போடுங்கள், ஆனால் துவாயோடு வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டு கூடையையும் தோய்ப்பதென்றால் பிடிப்பவை முதலில், கொட்டுபவை பிறகு. அப்போதுதான் காற்சட்டை சுத்தமான டிரம்முக்குள் போகும். புதுத் துவாய் வாங்கினால் முதல் மூன்று நான்கு தரம் தனியாகத் தோய்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு கொட்டுவது வெகுவாகக் குறையும்.

எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு வில்லன் இருக்கிறான், இலவம் பஞ்சுத் தலையணை. தையல் கொஞ்சம் விட்டிருந்தாலும் பஞ்சு உறையின் மூலைக்குள் வந்து சேரும். உறையை அப்படியே மெஷினில் போட்டால், இலவம் பஞ்சில் இயற்கையாகவே மெழுகுத் தன்மை இருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சாது, அமிழாது. மேலே மிதந்துகொண்டே இருந்து, தண்ணீர் இறங்கும்போது உடுப்பின் மேல் படிந்துவிடும். உறையை மறுபக்கம் திருப்பி, மூலைகளை வெளியே தள்ளி, யன்னலுக்கு வெளியே உதறிவிட்டுப் போடுங்கள். தலையணையின் தையலையும் அன்றைக்கே தைத்துவிடுங்கள்.

6. மறுபக்கம் திருப்புங்கள்

பிடிக்கும் கூடையில் உள்ள ஒவ்வொன்றையும் உட்பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். தும்பு ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒட்டும், தேய்வதும் அந்தப் பக்கம்தான், அதனால் மேற்பக்கம் உருண்டை கட்டுவதும் குறையும். நல்ல காற்சட்டை ஒன்றிரண்டை வலைப்பைக்குள் போடலாம். பையை அடைக்கக் கூடாது, உள்ளே உடுப்பு புரள இடம் வேண்டும்.

7. தூள் குறைவாக, தண்ணீர் நிறைவாக

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் படி இது. அங்கே நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, அதனால் தூளை அள்ளிப் போட்டே கை பழகியிருக்கும். கொழும்புக் குழாயில் வருவது களனி கங்கையில் அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர், அல்லது லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீர். மென்மையானது. அதே அளவு தூளைப் போட்டால் நுரை டிரம் நிறைய எழும்பும், அலசி முடிந்தும் போகாது. தங்கும் நுரையில் தும்பு சிக்கி நிற்கும், காயும்போது சவர்க்காரப் பசையோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொள்ளும்.

பக்கெற்றில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். கடைசி அலசல் தண்ணீரை எட்டிப் பாருங்கள். நுரை மிதந்தால் அடுத்த தரம் இன்னும் குறையுங்கள். உடுப்பில் வியர்வை மணம் போகாமல் நின்றால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

மெஷினை நிரப்புவது அடுத்த பிழை. தும்பு துணியை விட்டுப் போக வேண்டுமானால் அதை அள்ளிக்கொண்டு போகத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் ஓட இடம் வேண்டும். நெருக்கி அடைத்தால் துணிகள் ஒன்றையொன்று தேய்த்துத் தும்பைக் கூட்டும், வலைப் பக்கம் தண்ணீரே போகாது. மேலால் போடும் மெஷினில் முக்கால் டிரம்முக்கு மேல் போக வேண்டாம். முன்கதவு மெஷினில் உடுப்புக்கு மேலே உங்கள் கை நுழைய இடம் இருக்க வேண்டும். தண்ணீர் அளவைத் தானே தீர்மானிக்கும் மெஷின் மிச்சம் பிடிக்கப் பார்க்கும், துவாய் தோய்க்கும்போது ஒரு படி கூட்டி வையுங்கள். அலசல் ஒன்று கூடுதலாகப் போடும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தத் தயங்க வேண்டாம்.

வினாகிரி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைசி அலசலில் அரைக் கப் நிறமில்லாத வினாகிரி விட்டால் தங்கிய சவர்க்காரம் கழன்று போகும், உண்மைதான். ஆனால் தூளைக் குறைத்துவிட்டால் இந்த ஊர்த் தண்ணீருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வொரு தரமும் விட்டால் மெஷினின் ரப்பருக்கும் நல்லதில்லை. வெளுக்கும் குளோரின் திரவத்தோடு மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். உடுப்பை மென்மையாக்கும் திரவம் பொலியெஸ்டருக்கு உதவும், ஒட்டும் தன்மை குறையும். துவாய்க்கு அதை விட வேண்டாம், ஈரம் உறிஞ்சாமல் போய்விடும்.

8. கையால் தோய்ப்பவர்களுக்கும் இரட்டைத் தொட்டி மெஷினுக்கும்

அம்மா ஒரு பேசின் சவர்க்காரத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு கலர், கடைசியில் கறுப்பு என்று எல்லாவற்றையும் முடித்துவிடுவா. கிணற்றில் அள்ளி இறைத்த காலத்துக் கணக்கு. சாயத்துக்கு அந்த வரிசை சரியானது, தண்ணீரும் மிச்சம். தும்பைப் பொறுத்தவரை தலைகீழ், ஏனென்றால் வெள்ளைத் துவாயும் பெட்ஷீட்டும் கொட்டியதெல்லாம் கடைசியில் இறங்கும் கறுப்புக் காற்சட்டைக்குத்தான் போய்ச் சேரும். இரட்டைத் தொட்டி மெஷினில் ஒரே தண்ணீரை மூன்று தரம் ஓடவிடுபவர்களுக்கும் இதே கதைதான்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் வெள்ளையில் சாயம் ஏறும், அதைச் செய்யாதீர்கள். கறுப்புக்கென்று ஒரு சின்ன வாளியைத் தனியே வையுங்கள். அரை வாளித் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவான தூள், இரண்டு காற்சட்டைக்குத் தாராளம். அலசும் தண்ணீரும் புதிதாக இருக்க வேண்டும். வாளியை மாற்றிவிட்டு அலசுவதற்குப் பழைய பேசினுக்கே போகிறவர்களையும் பார்த்துவிட்டேன்.

9. உதறி, பிறகு கொடியில்

மெஷின் நின்றதும் எடுத்துவிடுங்கள். சுருண்டு கிடந்தால் தும்பு மடிப்புக்குள் அழுந்தி நிற்கும். ஒவ்வொரு உடுப்பையும் இரண்டு நுனியில் பிடித்து "பட்" என்று சத்தம் வர மூன்று தரம் உதறுங்கள். கீழ் மாடியில் யாராவது உடுப்புக் காயப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் எட்டிப் பாருங்கள், இதனால் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை முறைப்பாடே வந்தது.

ஈரமான தும்பைக் கையால் தட்டியோ துடைத்தோ எடுக்கப் பார்க்காதீர்கள். எல்லோரும் செய்யும் பிழை இது. ஈரம் தும்பைத் துணியோடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும், தேய்த்தால் இழுபட்டுக் கோடாகும், நூல்களுக்கு இடையில் இன்னும் உள்ளே போகும். அப்படியே காயவிடுங்கள்.

பல்கனிக் கொடியில் கறுப்பையும் துவாயையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டாம். காற்று முதலில் கறுப்பில் பட்டு, பிறகு துவாயில் படட்டும். மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் உடுப்பெல்லாம் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழே போகும். அதற்கு முன் விசிறியின் தகடுகளைத் துடைத்தீர்களா? சுவிட்சைப் போட்டதும் தகட்டு விளிம்பிலிருந்து கறுத்த பஞ்சுத் தூசி பிய்ந்து நேரே ஈர உடுப்பில் விழும். "மழை காலத்தில்தான் தும்பு கூட" என்று சொல்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.

10. காய்ந்த பிறகு எடுப்பது

முழுதாகக் காய்ந்ததா என்று இடுப்புப் பட்டியையும் பொக்கற் துணியையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் வெளியே பிடித்து இன்னொருமுறை உதறுங்கள், ஈரத்தில் போகாததில் பாதி இப்போது பறந்துவிடும்.

மிச்சத்துக்கு ரப்பர் கையுறை. கையில் மாட்டி, நனைத்து, நன்றாக உதறிவிட்டு, லேசான ஈரப்பதத்தோடு மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். தும்பு புழு மாதிரி உருண்டு வந்து ஓரத்தில் சேரும். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்தது திரும்பி ஒட்டும். இந்த ஒரு வேலைக்காகவே எங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் கையுறை தொங்குகிறது.

கையுறைக்குத் தப்பியதற்குத்தான் சலோடேப், ஒட்டும் பக்கம் வெளியே வர நான்கு விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். இழுக்க வேண்டாம். வெல்வெட் சட்டைக்கும் பட்டுக்கும் சலோடேப் வேண்டவே வேண்டாம், மென்மயிர்த் தூரிகையால் மயிர் சாயும் பக்கமாகத் தடவுங்கள்.

அயன் கடைசியில்தான். தும்போடு அயன் பண்ணினால் சூடும் ஆவியும் அதைத் துணிக்குள் அழுத்திவிடும், பிறகு கையுறைக்கும் வராது. ஒரு சலவைக் கடையில் கொடுத்த என் நீலக் காற்சட்டை அப்படித்தான் திரும்பி வந்தது, மடிப்பு கத்தி மாதிரி, ஆனால் மடிப்பு நெடுக வெள்ளைப் பொட்டு.

உலர்த்தும் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பாதிக் கவலை இல்லை, சூடான காற்றே தும்பைப் பிரித்து வலைக்கு அனுப்பிவிடும். ஆனால் அந்த வலையை ஒவ்வொரு தரமும் உரித்துத்தான் ஆக வேண்டும், உலர்ந்த தும்பு சட்டென்று தீப்பிடிக்கும்.

11. டிஷூ வெடித்துவிட்டால்

மூடியைத் திறந்ததும் தேங்காய்ப்பூத் தூவிய மாதிரி இருக்கும். உடனே திரும்பத் தோய்க்கும் ஆசை வரும், அடக்குங்கள். ஈரத் தாள் இன்னும் பொடியாகி இதுவரை தப்பிய உடுப்புக்கும் போகும்.

எல்லாவற்றையும் எடுத்து அப்படியே காயப் போடுங்கள். காய்ந்ததும் வெளியே கொண்டுபோய் உதறினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும், மற்றதற்குக் கையுறை. அதற்குள் மெஷினின் டிரம்மும் காய்ந்திருக்கும், பழைய துணியால் துடைத்து அள்ளிக் குப்பையில் போடுங்கள், குழாய்க்குள் கழுவி விட வேண்டாம். வலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, உடுப்பில்லாமல் ஒரு அலசல் ஓடவிட்ட பிறகுதான் உதறிய உடுப்பைத் திரும்ப அலசலாம். பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது.

12. மெஷினை விட்டுப் போக முன்

உடுப்பை எடுத்த கையோடு வலையைக் கழற்றி மெஷினின் மேலேயே வையுங்கள், அடுத்தவர் வரும்போது உரிக்கும் பதத்தில் காய்ந்திருக்கும். மூடியைத் திறந்து விடுங்கள், இந்த ஊர்ப் புழுக்கத்தில் மூடி வைத்தால் அதற்குள் கிடக்கும் தும்பு இரண்டு நாளில் நாறும். பழைய பல் தூரிகையால் வலை பொருந்தும் பள்ளத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நனைத்த துணியையும் பிழிந்து கொடியில் போட்டுவிடுங்கள், அடுத்தவருக்கும் அது வேண்டும்.